என் பெயரில் ஓடியவள்

போன மாதம் ஈப்போவில் நம்மில் ஒருத்தியின் மகள் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் அவள் என்னைத் தன் புது மருமகனிடம் காட்டி, "இவங்க யாருன்னு நெனைக்கிறீங்க தம்பி? அந்தக் காலத்துல மாவட்டக் குறுக்கோட்டத்துல ரெண்டாவதா வந்தவங்க. பேப்பர்லலாம் பேரு வந்துச்சு," என்றாள். மருமகன் மரியாதையாகத் தலையசைத்தார். நான் சிரித்தேன். இல்லையென்று சொல்லவில்லை. இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அது மனசைவிட்டுப் போகவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களுக்கு மறந்திருக்கும். பிள்ளை குட்டி, வேலை, சர்க்கரை, முட்டிவலி என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் நான் அன்று ஓடவில்லை. ஓடியவள் தோட்டத்து வரிசை வீடுகளில், நம் லயத்தின் கடைசி வீட்டுப் பெண். அந்த மூன்று மாதத்தை எனக்குத் தெரிந்தவரை எழுதி உங்கள் நான்கு பேருக்கும் அனுப்புகிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரால்தான் அத்தனையும் வந்தது.

நம் பள்ளி பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் இருந்தது. நம் ரப்பர் தோட்டத்திலிருந்து மூன்று மைல். பஸ் தவறினால் நடைதான். "நடந்து வர்ற பிள்ளைங்க காலு வேற மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் விளையாட்டு டீச்சர் நம்மை ஓட்டக் குழுவுக்குப் பொறுக்கி எடுத்தார். அவர் ஈப்போக்காரர். பயிற்சி முடித்து வந்த முதல் வருஷம். கழுத்தில் எப்போதும் விசில், வெயிலில் நிறம் போன ஒரு சின்னக் கார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்து, மலாய் புரியாமல் வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நம்மை, அந்தப் பள்ளியில் முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்தான். அவர் சொன்னால் ஈயம் தோண்டிய குட்டையில் குதித்திருப்போம்.

குழுவில் ஆறு பேர். அவள், நான், நீங்கள் நால்வர். எனக்கு எப்போதும் ஆறாவது இடம்.

மெரெந்தாஸ் டேசா என்கிற குறுக்கோட்டம் நடப்பது ஜனவரி, பிப்ரவரியில். பால்மரங்கள் இலை கொட்டுகிற காலம். காடு முழுக்கச் செம்பு நிறத்தில் செத்தை கணுக்கால் அளவு கிடக்கும். அதில் ஆறு பேர் ஓடினால் மழை வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அவள் முன்னால் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சத்தம் மட்டும் தனியாகப் பிரிந்து, சிறுத்து, இல்லாமல் போகும். அப்புறம் நம் மூச்சுதான். பழைய நிரையில் மரங்களை வெட்டிச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். வேரோடு சாய்த்த மரங்களில் இன்னும் பால் வடிந்துகொண்டிருக்கும். அந்தப் புளித்த வாடையும், ரப்பர் தகடுகளைப் புகைபோடும் புகைக்கூட்டு வாடையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது டயர் கடைப் பக்கம் போனால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

அவள் ஓடும்போது தோள் அசையாது. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் ஓடும். அக்காள் போட்டுத் தேய்ந்த சப்பாத்து ஒரு ஜோடி அவளுக்கு இருந்தது. அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவாள். டீச்சர் திட்டினால், "சப்பாத்து போட்டா காலுக்குக் கண்ணு தெரியாத மாதிரி இருக்கு டீச்சர்" என்பாள். டீச்சர் சிரித்துவிடுவார்.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெயர் பதியும் பாரம் வந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தானா என்று பார்க்க ஒவ்வொருவரும் பிறப்புப் பத்திரம் கொண்டுவர வேண்டும். நாம் ஐந்து பேரும் மறுநாளே கொண்டுபோய்க் காட்டினோம். அவள் கொண்டுவரவில்லை. இரண்டு நாள் மறந்துவிட்டேன் என்றாள். மூன்றாம் நாள் பயிற்சிக்கே வரவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கடைசி வீட்டுக்கு வழி காட்டப் போனவள் நான். அவளுடைய அப்பா புல்லுக்கு மருந்தடிக்கிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். சட்டை நீலம் நீலமாய்க் கறைபட்டு, கண் சிவந்து, டீச்சரைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பிள்ளையோட சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம் வேணும். இருக்குங்களா?"

"இல்லீங்க டீச்சர். அவ பொறந்தப்ப வேற தோட்டத்துல இருந்தோம். அங்க வேல நின்னுபோச்சு. பதியறதுக்குள்ள இங்க வந்துட்டோம். நாளாயிருச்சுன்னா ஆயிரங் கேள்வி கேப்பாங்கன்னு சொன்னாங்க. என் கார்டு வேற செவப்பு. பயந்துகிட்டு விட்டுட்டேன்."

சிவப்பு அடையாளக் கார்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போகிற நாளில் அவர் விடிகாலையிலேயே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புவதை லயமே பார்க்கும்.

"இப்பக்கூட பதியலாம்ணே. நான் கூட வாரேன்," என்றார் டீச்சர்.

"வேணாங்க டீச்சர். ஆபீசுக்கு மட்டும் வேணாம். அவ ஓடாட்டிப் பரவால்ல."

அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. பெருவிரலால் சிமெண்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை அவளுடைய அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, அவருக்காகப் பேசியிருக்கலாம். அது நடந்திருந்தால் அவள் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காத வருஷம் எனக்கில்லை. ஆனால் டீச்சருக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். டீச்சர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இது வெறும் பாரந்தாங்க. யாரும் மொகத்தப் பாக்க மாட்டாங்க. ஒங்க மக பேருல அந்தப் பொண்ணு ஓடட்டும். ஒங்க மகளுக்கு அடுத்த வருசம் வாய்ப்பு இருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா புகைக்கூட்டில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். "செயிச்சா எம்மக பேருதான வரும்?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப பத்திரத்தக் குடு," என்றார் அம்மாவிடம்.

என்னை யாரும் கேட்கவில்லை. அவளையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கு நடக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள். "அப்ப நான் ஒம்பேருக்கு ஓடணும். நீ?"

"நான் ஓட வேணாமாம்."

"நல்லதுதான்லா. நீ ஓடுனா நாங்கல்லாம் ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்கணும்." சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஓடுவது எனக்குப் பிடிக்காது. டீச்சர் என் பெயரைக் கூப்பிடுவதுதான் பிடிக்கும்.

மாவட்டப் போட்டி பத்து காஜா பக்கத்தில் ஒரு பள்ளித் திடலில். பாதை ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய ஈயலம்பத்துக்குள் போய், லாலாங் புல் காட்டைச் சுற்றி, பால்மரக் காடு வழியாகத் திரும்பும். வெள்ளை மணல் கண்ணைக் கூசியது. நீங்கள் நால்வரும் அவளும் நெஞ்சில் எண் குத்திய துணியோடு வரிசையில் நின்றீர்கள். நான் பள்ளிச் சீருடையில், துண்டும் தண்ணீரும் அவளுடைய சப்பாத்தும் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பச்சை வேனில் குளிர்ந்த பானம் ஊற்றிக் கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்ததற்கு நானும் ஒரு கோப்பை குடித்தேன்.

அவள் இரண்டாவதாக வந்தாள். முன்னால் வந்த சீனப் பெண்ணுக்கும் அவளுக்கும் பத்தடி இருக்காது. உள்ளங்காலில் லாலாங் கிழித்து ரத்தம். ஒலிபெருக்கியில் என் பெயரையும் என் அப்பா பெயரையும் படித்தார்கள். அவள் போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். "இந்தா, ஒன்னோடது," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை அவளிடம் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் அது சாமிப் படத்துக்குக் கீழே தொங்கியது.

அடுத்த வாரம் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. படத்தில் ஆறேழு பெண்கள், முகமெல்லாம் மை அப்பிக் கிடந்தது. யார் யாரென்று தெரியாது. கீழே பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. அப்பா பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனார். தோட்ட வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என்னைப் பார்த்து, "ஓட்டக்காரி" என்றார். லயத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் யாரும் கேட்கவில்லை. பாகான் செராயிலிருந்து சித்தப்பா வந்தார், அவருக்குத் தெரியாது. எனக்குப் புது ஓட்டச் சப்பாத்து வாங்கி வந்திருந்தார். வெள்ளை, பக்கத்தில் நீலக் கோடு. அம்மா கோழி அடித்தாள்.

அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்குப் போனேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஓடிப் பாத்தியா?"

"இல்ல."

"ஓடிப் பாரு. மண்ணு ஒட்டாம புதுசாவே வச்சிருந்தா அது சப்பாத்தா?"

அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்கிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். நானாகக் கொடுக்கவில்லை.

எனக்குள் என்னமோ மாறத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பெயர் என்னுடையது, புகழ் என்னுடையது, சப்பாத்து என்னுடையது. ஆனால் பயிற்சிக்கு வந்தால் டீச்சர் அவள் முதுகைத்தான் தட்டினார். போட்டிக்கு முன்னால் பழக்கமாகட்டும் என்று அவளை என் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்திருந்தார். அந்தப் பெயரைக் கேட்டு நான் திரும்பினால், "உன்னையில்லம்மா" என்பார்.

மாநிலப் போட்டி ஈப்போவில். பஸ்ஸில் நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தீர்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஈப்போவுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. "இவ்ளோ பெரிய கல்லு எப்படிலா நிக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

அன்று மழை பெய்து பாதை சேறாக இருந்தது. அவள் நான்காவதாக வந்தாள். முதல் பத்துப் பேரை மாநிலக் குழுவில் எடுத்துக்கொள்வார்கள், தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் அழுதுவிட்டார். சேறும் வியர்வையுமாக இருந்தவளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் எல்லாரும் புல்லில் உட்கார்ந்தோம். நீங்கள் நால்வரும் என் பக்கத்தில். அவள் கொஞ்சம் தள்ளி, காலில் இருந்த சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

ஓர் அதிகாரி மேசையில் தாள்களை வைத்துக்கொண்டு பத்துப் பேரின் பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டார். மலாய்க்காரர், கண்ணாடி போட்டவர். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு பெண்ணாக எழுந்து போனார்கள். நான்காவதாக என் பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன். "சாயா, சிக்கு," என்றேன். 'நான்தான் சார்' என்று வகுப்பில் வருகைக்குச் சொல்வது போலச் சத்தமாக.

அந்த நேரத்தில் அவளும் எழுந்திருந்தாள். ஒரு பெயருக்கு இரண்டு பேர் நின்றோம். ஒருத்தி நெஞ்சில் எண், முழங்கால் வரை சேறு. இன்னொருத்தி இஸ்திரி போட்ட சீருடையில், வெள்ளைச் சப்பாத்தில்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அதிகாரி பேனாவை மூடினார். எங்களிடம் ஏதோ கேட்டார். டீச்சர் ஓடி வந்தார். அவர் மலாயில் வேகமாகப் பேசியதும், வாய் கோணியதும் நினைவிருக்கிறது. பஸ் திரும்பும்போது யாரும் பாடவில்லை. நம் குழுவின் முடிவு முழுவதையும் அடித்துவிட்டார்கள், மாவட்டத்தில் வாங்கியதையும் சேர்த்து. உங்கள் ஓட்டமும் அதோடு போயிற்று. அதற்காக நீங்கள் யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

எல்லாரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, பயப்படாதே என்றார். டீச்சரை அந்தத் தவணை முடியும் முன்பே எங்கோ தூரத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். போகும்போது என் தலையில் கைவைத்து, "ஒம்மேல தப்பு இல்லம்மா. பேரக் கூப்பிட்டா பிள்ள எந்திரிக்கத்தான் செய்யும்," என்றார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். அம்மா மட்டும் பதக்கத்தைக் கழற்றி எங்கோ எறிந்துவிட்டு, "எம்மக பேரக் கெடுத்துட்டா அந்தப் பொண்ணு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கொடுத்தது நாம்தானே அம்மா என்று நான் சொல்லவில்லை.

அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அதிகாரிகள் விசாரிக்கத் தோட்டத்துக்கு வரப்போகிறார்கள் என்று யாரோ அவளுடைய அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கடைசிவரை யாரும் வரவில்லை. ஆனால் பத்து நாளைக்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் பள்ளி விட்டு வந்தபோது கடைசி வீட்டுக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். வாசலில் மருந்து டின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்கு முந்தைய ஒரு வாரமும் நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லிப் படுத்திருந்தேன். இரண்டு நாள் உண்மையிலேயே காய்ச்சல் இருந்தது.

இதுவரை உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். இனி எழுதுவது தெரியாது.

எட்டு வருஷம் கழித்து, நான் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். பிஸ்கட் டின் ஒன்றும், அவளுக்கு ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து உடைத்த தேங்காயிலிருந்து கொப்பரை நெம்பிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் மண்ணில் ஒன்று. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "நீயா," என்றாள். "வா. ஒக்காரு."

கால்களைப் பார்த்தேன். அதே பாதம், வெடித்திருந்தது. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆயிற்று என்றாள். புருஷன் தேங்காய் பறிக்கிறவன், நல்லவன்தான் என்றாள். அவளுக்கு இன்னும் பத்திரம் இல்லை. அதனால் கல்யாணத்தைப் பதியவில்லை. அதனால் பிள்ளைகளுக்கும் தகராறு. இதையெல்லாம் அவள் மழை பெய்ததைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு வாய் தவறிச் சொல்லலடி. எனக்குத் தெரிஞ்சேதான் எந்திரிச்சேன். எம்பேர எனக்கே திருப்பிக் குடுக்கணும்னு இருந்துச்சு. இத்தன வருசமா எல்லாரும் தெரியாம செஞ்சேன்னு சொன்னாங்க. நான் அத அப்படியே வச்சுக்கிட்டேன்."

அவள் கொப்பரைத் துண்டு ஒன்றை எடுத்துக் கீழே இருந்த பிள்ளையிடம் கொடுத்தாள்.

"அது எனக்குப் பெருசாப் படல," என்றாள். "ஒம்பேரு. நீ எந்திரிச்ச. அதுல என்ன இருக்கு."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் பொறுத்திருந்தாள்.

"அதுக்கு அப்புறம் அந்தக் கண்ணாடிக்காரரு என்னையக் காட்டி ஒங்கிட்ட கேட்டாரு. இந்தப் பொண்ணு யாரு, ஒனக்குத் தெரியுமான்னு. நீ தெரியாதுன்னு சொன்ன."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்ன. ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவையும் சொன்ன." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் ஒம்மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். பத்திரம் வாங்க நான் உதவுகிறேன், கூட வருகிறேன், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். "பாக்கலாம்," என்றாள். சேலையை வாங்கிக்கொள்ளவில்லை. பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்காக வைத்துக்கொண்டாள். நான் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் எங்கே போனாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எத்தனை தடவை அந்தத் திடலை மனசுக்குள் கொண்டுவந்தாலும், அதிகாரி பேனாவை மூடுவது வரைக்கும்தான் வருகிறது. அதற்குப் பிறகு அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

நீங்கள் நால்வரும் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கைக்கெட்டும் தூரம். அவர் கேட்டதும் நான் சொன்னதும் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.